வண்டிக்குள் உட்காருகிறவள்

காருக்குள் தண்ணீர் ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ஹோஸில் தண்ணீர் அடிக்க வேண்டும். இன்னொருவர் கதவு, கண்ணாடி எல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் இருக்கும் அந்த ஷெட்டில் வெளியே நிற்பவர் ஞானதுரை. உள்ளே உட்காருகிறவள் அவர் மனைவி கிருபாபாய்.

அவள் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். கல்யாணமான புதிதில், உள்ளே உட்கார வைத்திருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். வாசலில் வண்டியும் நிற்கிறது, வண்டிக்காரரும் நிற்கிறார். "ஏட்டி, செத்த நேரம் வந்து உக்காரு. சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்" என்று ஞானதுரை கூப்பிட்டார். அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.

சும்மா பார்க்கிற வேலையும் இல்லை அது. விரிப்பு நனைந்திருப்பது காலடியில் என்றாலும் தண்ணீர் நுழைந்தது கூரை ஓரமாக இருக்கும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கும். பின்விளக்கைச் சுற்றிய ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். விரிப்பைத் தூக்கிவிட்டு, இணைப்பு வருகிற இடங்களிலெல்லாம் முகப்பவுடரைத் தூவி வைத்து, டார்ச் அடித்துக்கொண்டு இருப்பாள். முதல் சொட்டு பவுடரில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு இறங்கும். அதைப் பார்த்துவிட வேண்டும். விட்டால் பிறகு எல்லாமே ஈரம், எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடித்தவள் அவள். வெள்ளைத் துணியில் ஓர் இழை விட்டுப்போயிருந்தால் ஓடுகிற ஓட்டத்தில் கண்டுபிடித்து ஓரம் தள்ளுவாள். அந்தக் கண் இங்கே உதவியது.

வெளியே தண்ணீர் அடிக்கிற சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் கண்ணாடியில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் அந்த இடத்திலேயே இன்னும் அடி. ஞானதுரை கீழே இருந்து மேலே அடித்துக்கொண்டே போவார். முதலில் கதவடி, பிறகு கதவு, பிறகு கண்ணாடி, கடைசியில் கூரை. சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் உட்கார்ந்தால் வியர்வை முதுகில் இறங்குவதா, தண்ணீர் இறங்குவதா என்று தெரியாது. வண்டிக்காரர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டு, "அக்கா, உள்ள தூங்கிராதீக" என்பார்கள். "தூங்குனாலும் அவ கண்ணு தொறந்துதான் கெடக்கும்" என்பார் ஞானதுரை. பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். மழைக் காலத்தில் வத்திராயிருப்பிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வண்டிகள் வரும். 'ஞானதுரை பாத்தா ஒழுகாது' என்று பேர். போர்டிலும் அவர் பேர்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தன் பேரைப் போர்டில் போட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

ஒரே மகள் பிளஸ்ஸி. அந்த ஷெட்டில்தான் பாயைப் போட்டுப் படித்தாள், டிகிரி முடித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆஸ்டின் என்ற பையனைப் பேசினார்கள். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அப்பா இல்லை. அம்மா செலினா சத்துணவு அமைப்பாளர். நல்ல இடம். நகை பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. "பய தினம் ராஜபாளையத்துக்கும் இங்கயும் பைக்குல அலையுதான். உங்களுக்குத் தெரியாத வண்டியா" என்று மட்டும் செலினா சொன்னாள். கார் கேட்கிறாள் என்று ஞானதுரைக்குப் புரிந்தது.

ஊர் வண்டியிலெல்லாம் உட்கார்ந்த கிருபாபாய் மகளுக்குக் கொடுத்த வண்டியில் மட்டும் உட்காரவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு கூட்டாளி ஷெட்டில் வைத்து வேலையெல்லாம் முடித்து, கல்யாணத்துக்கு முந்தின வாரம் வெள்ளை வெளேரென்று கொண்டுவந்து நிறுத்தினார் ஞானதுரை. ஒரு கை ஓட்டிய வண்டி, டாக்டர் வீட்டு வண்டி என்றார். சீட்டில் புது உறை, காலடியில் புது விரிப்பு.

"தண்ணி அடிச்சுப் பாக்கலாமா?" என்று அவள் டார்ச்சைத் தேடினாள்.

"மாப்பிள்ள உக்காருத சீட்டுல நீ போயி வேர்வைய வடிக்கப் போறியாக்கும்? போட்டி அங்கிட்டு. நான் பாத்தாச்சு."

அவள் சிரித்துக்கொண்டே டார்ச்சை மாட்டிவிட்டுப் போனாள்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோவிலில் வைகாசியில் நடந்தது. சபைப் போதகர் ஐயர் பானெட்டில் கை வைத்து ஜெபித்தார். செலினாவின் தம்பிக்குப் பூக்கடை. வண்டியே தெரியாதபடி ரோஜாவும் சம்பங்கியுமாகச் சரம் சரமாகக் கட்டிவிட்டான். வைப்பருக்கு அடியில் சரத்தைச் செருகி, நுனியை பானெட்டுக்குள் விட்டு மூடியிருந்தான். அதன் மேல் பிள்ளைகள் கை கையாக உதிரிப்பூவை வேறு எறிந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் ஆஸ்டின் பூவைப் பிரிக்கப் போனபோது செலினா விடவில்லை. "கெடக்கட்டும்லே. தெருவுல நாலு பேரு பாக்கட்டும்" என்றாள். மூன்று நாள் அப்படியே வாசலில் வாடிக் கருகிய பிறகுதான் பிரித்தார்கள்.

ஐப்பசி மழையில் வண்டி நாற ஆரம்பித்தது. இடது பக்கக் காலடியில் தண்ணீர். விரிப்பைக் காயப்போட்டால் மறு மழைக்குத் திரும்பவும் தண்ணீர். புளித்துப்போன வாடை. பிளஸ்ஸி அப்போது மசக்கை, வண்டிக் கதவைத் திறந்தாலே ஓங்கரித்தாள். ஆஸ்டின் மில்லுக்குப் பக்கத்தில் எவனோ ஒரு மெக்கானிக்கிடம் காட்டினான். அவன் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெள்ளத்துல கெடந்த வண்டி மாரி இருக்கே" என்று சொல்லிவிட்டான்.

அது போதாதா செலினாவுக்கு? கோவில் அசன விருந்தில், ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, கறிக்குழம்பு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "மைனி, உங்க வீட்டு வண்டில ஏறுனா குடலு பொறளுது. தூத்துக்குடி வெள்ளத்துல முங்குன வண்டின்னு சொல்லுதாவளே. அப்படியா?"

கிருபாபாய் இலையை விட்டு எழுந்துவிட்டாள்.

"அவிய ஊரு வண்டிக்கெல்லாம் ஒழுக்கு பாக்கவிய. பெத்த மகளுக்கு முங்குன வண்டியவா வாங்கிக் குடுப்பாவ? கர்த்தர் சாட்சியாச் சொல்லுதேன் மைனி. அப்படி இருந்தா எம் மக முகத்துலயே நான் முழிக்கல."

சத்தியம் பண்ணக் கூடாது என்று ஞாயிறுதோறும் கேட்கிறவள்தான். அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. பிளஸ்ஸி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மாமியார் வண்டிப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "எங்க அம்மா கோயில்ல நின்னு சொல்லிட்டாவ. வாங்கி வச்சுக்கிட்டு நொட்ட சொல்லாதீக" என்பாள். சமையலறையில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஏழாம் மாதம் வந்தது. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவர வேண்டும். கிருபாபாய் மாடியறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு, கருப்பட்டிக்கும் நல்லெண்ணெய்க்கும் சொல்லி வைத்துவிட்டுப் போன் பண்ணினாள். செலினா நிதானமாகச் சொன்னாள்.

"கூட்டிட்டுப் போங்க மைனி. நான் மாட்டேன்னு சொல்லல. நீங்க குடுத்த வண்டி வாசல்ல நிக்கி. அதச் சரி பண்ணி, அந்த வண்டியிலயே வந்து உங்க மகளக் கூட்டிட்டுப் போங்க. பஸ்சுலயும் ஆட்டோலயும் அனுப்ப எங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

"அப்ப சரியாகலேன்னா?"

"பொறவு இங்கனயே பெறட்டும். ஆசுபத்திரி இங்கயும் இருக்கு."

ஆஸ்டின் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டுவிட்டுப் போனான். ஞானதுரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நான் பாத்துக்கிடுதேன், நீ வீட்டப் பாரு" என்றார். இவள் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்து, பவுடர் டப்பாவை எடுத்து, இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒற்றை ஆளாகப் பார்க்கிற வேலையா அது?

விரிப்பைத் தூக்கியபோது சீட்டைத் தரையில் முடுக்கியிருந்த போல்ட்டுகள் மேலெல்லாம் துரு. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, "என்ன, போல்ட்டெல்லாம் இப்படித் துருப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"மாசக்கணக்கா தண்ணில ஊறுனா நீயுந்தான் துருப் பிடிப்பே. கண்ணாடிய ஏத்து."

ஏற்றினாள். கதவடிக்கு அடித்தார், ஒன்றும் இல்லை. கதவுக்கு அடித்தார். பவுடர் தூவியது தூவியபடி இருந்தது. கண்ணாடி ஓரத்துக்கு அடித்தார், இல்லை. பிறகு ஹோஸை இறக்கி, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில், ஏசி காற்று வருகிற பெட்டியின் விளிம்பில், ஒரு சொட்டு தயங்கி நின்று விழுந்தது. அவள் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினாள். சொட்டு கயிறானது, கயிறு கொட்டியது.

பானெட்டைத் தூக்கி, கண்ணாடிக்கு அடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார் ஞானதுரை. மழைத்தண்ணீர் வழிந்து போக இரண்டு மூலையிலும் துவாரம் இருக்கும். இரண்டிலும் கன்னங்கரேலென்று களிமண் போல அடைத்துக் கிடந்தது. விரலை விட்டு இழுத்தார். நூல் வந்தது. நூலோடு ஒரு ஜரிகைத் துண்டு வந்தது. அழுகிப்போன ரோஜா இதழ்கள் கொத்துக் கொத்தாக வந்தன. துவாரம் அடைத்ததால் தண்ணீர் தேங்கி, நிறைந்து, காற்று இழுக்கிற வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

கிருபாபாய் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"தெருவுக்குக் காட்டுன பூவு. அவிய தம்பி கட்டுன பூவு. முங்குன வண்டியாம்ல, முங்குன வண்டி."

"விடுட்டி. ஒழுக்கு நின்னாச் சரி" என்றார் ஞானதுரை. கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் இப்படிச் சிக்கனமாகப் பேசியது அவளுக்கு அப்போது விசேஷமாகப் படவில்லை. அழுகிய பூவை ஒன்று விடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டாள்.

விரிப்பு காய்ந்து, வாடை போய், நன்றாக ஒரு மழையும் பெய்து உள்ளே பொட்டு ஈரம் இல்லை என்று பார்த்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் புருஷனும் மனைவியும் அந்த வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். ஆஸ்டின் மில்லுக்குப் போயிருந்தான். செலினா காபி கொண்டுவந்தாள். கிருபாபாய் பையைப் படியில் வைத்துப் பிரித்தாள்.

"என்ன மைனி இது, கருவாடா?"

"உங்க தம்பி கட்டுன கல்யாணப் பூவு. இதான் ஓட்டைய அடச்சுக்கிட்டு இருந்துச்சு."

செலினா குனிந்து பார்த்தாள். ஜரிகைத் துண்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளு கெடக்கட்டும்னு சொன்னது நாந்தான்" என்றாள். "ஆஸ்டின் மறுநாளே பிரிக்கப் போனான். நாலு பேரு பாக்கட்டும்னு எனக்கு ஒரு இது. தப்பு எம்மேலதான் மைனி."

அதோடு விட்டிருக்கலாம். கிருபாபாய் விடவில்லை.

"பூவு சரி. முங்குன வண்டின்னு அசனத்துல வச்சுச் சொன்னீகளே. பந்தில எம்புட்டுப் பேரு இருந்தாவ. அந்த வார்த்தைய எங்க கொண்டுபோய்ப் போட?"

"எவனோ சொன்னத நம்பிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீக."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா அத்த" என்றாள் பிளஸ்ஸி, கதவில் சாய்ந்துகொண்டு. "எங்க அப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியல."

ஞானதுரை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு, கெளம்புங்க. வண்டிதான, விடுங்க" என்றார்.

செலினா மருமகளின் பையைத் தானே தூக்கிவந்து டிக்கியில் வைத்தாள். பிளஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசுன பேச்செல்லாம் நெனச்சுக்கிட்டு வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அழாத, என்ன?" என்று சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. கிருபாபாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நன்றாக இருந்தது.

பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும் என்று பிளஸ்ஸி முன்னால் ஏறினாள். கிருபாபாய் அவளுக்குப் பின்னால். மடவார்வளாகம் தாண்டும் முன்னே தாய்மனசு கேட்கவில்லை.

"ஏட்டி, பெல்ட்டப் போடு."

"வயித்த அழுத்தும்மா."

"வயித்துக்குக் கீழ வரணும்னு டாக்டரம்மா சொன்னாவல்ல. சீட்டப் பின்னாடி தள்ளு. இப்ப நல்லா இழு."

"இருக்குத தூரத்துக்குப் பெல்ட்டு எதுக்கு? விடும்மா, வேண்டாம்" என்றார் ஞானதுரை அவசரமாக.

"நீங்க ரோட்டப் பாருங்க. இழுட்டி. இன்னும் இழு."

பிளஸ்ஸி ஒரே இழுவையாகக் கடைசிவரை இழுத்தாள். கதவுகளுக்கு நடுவில் இருக்கும் தூணின் அடியிலிருந்து பெல்ட் ஏறிவந்தது. கிருபாபாயின் முழங்காலுக்கு முன்னால்தான் அந்தத் தூண். கறுப்பாக வந்துகொண்டிருந்த பெல்ட்டில் ஓர் இடத்தில் கோடு கிழித்தது போல ஒரு விளிம்பு வந்தது. அதற்குக் கீழே முழுக்கச் சேற்றின் நிறம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத சேறு.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷெட்டுக்கு வந்து யோசனை கேட்பார்கள். ஞானதுரை எல்லாரிடமும் ஒன்றே சொல்லுவார். சீட்டு உறையைப் பார்க்காதே, பெயிண்டைப் பார்க்காதே, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், வெள்ளத்தில் முங்கின வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஷெட்டில் பாய் போட்டுப் படித்த பிள்ளை அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பிளஸ்ஸி கழுத்தைத் திருப்பித் தூணைப் பார்த்தாள். பெல்ட்டின் கொக்கி கையிலேயே இருந்தது.

"அப்பா, இது என்னது?"

"பழைய வண்டில்ல. அழுக்கு."

"தூத்துக்குடி வண்டியாப்பா?"

ஒரு தென்னந்தோப்பு ஓரமாக ஞானதுரை வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"எந்த ஊரு வண்டின்னா என்னம்மா. இப்ப உள்ள ஒரு சொட்டுத் தண்ணி உண்டா சொல்லு" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "அவிய கார் வேணும்னாவ. நம்ம கையில இருந்ததுக்கு இதான் வந்துச்சு. நாம செய்யாத வேலையான்னு எடுத்தேன். சீட்டு, விரிப்பு, வயரு, ஒண்ணொண்ணாக் கழட்டிக் கழுவி மாத்துனேன். இந்தப் பெல்ட்டுதான் போக மாட்டேன்னுட்டு. புதுசு சொல்லி வச்சேன், அதுக்குள்ள கல்யாணம் வந்துட்டு."

"அதுக்குத்தான் என்னைய உக்கார விடலையா?" என்று கேட்டாள் கிருபாபாய்.

"நீ உக்காந்தா கண்டுபிடிச்சிருவியே."

இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

பிளஸ்ஸி பெல்ட்டை விட்டாள். அது சரசரவென்று உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டது. "வண்டியத் திருப்புங்க" என்றாள்.

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கிடலாம் மக்கா" என்றாள் கிருபாபாய்.

"வீட்டுக்குப் போனா பேச மாட்டோம். மறச்சிருவோம்."

"மறச்சாத்தான் என்ன? யாருக்குத் தெரியப் போவுது? பெல்ட்ட நாளைக்கே மாத்திருவாவ. உனக்குக் கட்டிலு போட்டு வச்சிருக்கேன். பேறுகாலம் முடியட்டும்."

"எனக்குத் தெரியும்லா. இப்பத்தான் அத்த என் கையப் பிடிச்சு அழுதாவ. நீயும் நானும் நின்னு வேடிக்கை பாத்தோம்." பிளஸ்ஸி திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு முன்னமே தெரியுமாம்மா?"

"தெரியாதுட்டி. சத்தியமாத் தெரியாது."

"அன்னைக்கும் சத்தியமாத்தான சொன்ன."

ஞானதுரை வண்டியைத் திருப்பினார்.

செலினா வாசலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எதையோ மறந்துவிட்டுப் போய் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "என்னத்த விட்டுட்டுப் போனீக?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிளஸ்ஸி இறங்கி நின்று, சுருக்கமாகச் சொன்னாள். செலினா கத்தவில்லை. கத்தியிருந்தால் கிருபாபாயும் ஏதாவது பேசியிருப்பாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் கிடந்த பூப்பையைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"உள்ள வா. கால் வீங்கிருக்கு பாரு" என்று மருமகளிடம் சொன்னாள். பிறகு கிருபாபாயைப் பார்த்தாள். "முங்குன வண்டியக் குடுத்தது கூடப் பெருசில்ல மைனி. இல்லாதவிய, சொல்லியிருந்தா நான் பைக்கே போதும்னுருப்பேன். என்னைய மன்னிப்புக் கேக்க வச்சுட்டீகளே."

"எனக்குத் தெரியாது மைனி."

"சரி. சாவியக் குடுத்துட்டுப் போங்க."

பிளஸ்ஸியின் பையை டிக்கியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தது கிருபாபாய்தான். மகள் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை அவர் ஒரு சீட்டிலும் அவள் ஒரு சீட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் இடமில்லாமல் இல்லை.

பங்குனி மாதத்தில் குழந்தை பிறந்தது, பையன். ஆஸ்டின் போன் பண்ணிச் சொன்னான், மரியாதையாகத்தான் சொன்னான். அவன் இப்போதும் அந்த வண்டியில்தான் மில்லுக்கு வருகிறான். பெல்ட்டை மட்டும் வேறொரு கடையில் மாற்றிக்கொண்டான். வண்டி ஒழுகுவதில்லை. கிருபாபாயும் இப்போதும் வண்டிகளுக்குள் உட்காருகிறாள். சோறு அந்த ஷெட்டிலிருந்துதான் வருகிறது. உட்காராமல் என்ன செய்ய? வெளியே நிற்பவர் தமாஷ் பேசுவதை நிறுத்திவிட்டார். வண்டிக்காரர்கள், அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

பேறுகால மருந்தைத் தானே இடித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். ஞானதுரையும் கூடவே பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நீ போயிட்டு வா. நான் இங்கன நிக்கேன்" என்று டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்.

செலினா காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க மைனி" என்றாள். பிளஸ்ஸி உடம்பு தேறியிருந்தாள். முகத்தில் நல்ல களை. தூக்குவாளியைப் பார்த்து, "மேசைல வைம்மா. அத்த ஏற்கெனவே கிண்டித் தந்துட்டாவ. தீந்த பொறவு சாப்பிடுதேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் வந்தாயே, தண்ணீர் குடி என்றாள். குடித்தாள்.

துவட்டிய பிள்ளையைச் செலினா கொண்டுவந்து கிருபாபாயின் மடியில் வைத்தாள். கிருபாபாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "ஞானஸ்நானத்துக்கு அப்பாவக் கூட்டிட்டு வரட்டா மக்கா?"

"கோயிலுக்கு யாரு வேணாலும் வரலாம்லாம்மா" என்றாள் பிளஸ்ஸி.

வீட்டுக்கு என்று கிருபாபாய் கேட்கவில்லை. பிள்ளை சிணுங்கியது, மகள் வாங்கிக்கொண்டாள். செலினா கொடுத்து ஆறிப்போயிருந்த காபியைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் ஞானதுரை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ராஜபாளையம் பஸ் இரண்டைப் போகவிட்டிருக்கிறார். கொஞ்ச தூரம் கூட நடந்தார். பஸ்ஸில் ஏறி, இந்தத் தடவை அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பஸ் கிளம்பிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பிள்ள யாரு சாயலு?"

"அவிய வீட்டுச் சாயலு" என்றாள் கிருபாபாய்.

மூக்கு அப்படியே இவர் மூக்கு. நெற்றியும் இவருடையதுதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.